கையில் 500 ரூபாய், தலைக்கு முதல் ஃபெடோரா: ராமநாதபுரம் கடற்கரைக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தொண்டியில் ஆரம்பித்துச் சாயல்குடி வரை நம் கடற்கரை நெடுக வெயிலுக்கும் பஞ்சமில்லை, காற்றுக்கும் பஞ்சமில்லை. தொப்பி போட்டுத் திரிகிறவன் என்று பெயர் வாங்கிவிட்டதால், முதல் ஃபெடோரா வாங்கப் போகிறவர்கள் என்னிடம் வந்து கேட்பது வழக்கமாகிவிட்டது. கல்லூரிப் பிள்ளைகள், புதிதாக வேலைக்குப் போனவர்கள், கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ எடுக்கப் போகிறவர்கள் என்று பலரும் உண்டு. எல்லார் கையிலும் இருப்பது 500 ரூபாய், மிஞ்சிப்போனால் 700. அந்தக் காசுக்குள் என்ன செய்யலாம் என்பதை மட்டும் இங்கே சொல்கிறேன். கம்பெனி பெயர் சொல்லிச் சிபாரிசு எதுவும் கிடையாது.

ஃபெடோரா என்றால் எந்தத் தொப்பி?

உச்சியில் நீளவாக்கில் ஒரு குழி. முன்பக்கம் இரண்டு பக்கமும் விரலால் அமுக்கிய மாதிரி ஒடுக்கு. சுற்றிலும் வளைந்து கொடுக்கிற விளிம்பு. விளிம்பு தொடங்கும் இடத்தில் ஒரு ரிப்பன். தலையை மூடுகிற மேல்பகுதியை இனி ‘கூடு’ என்றே எழுதுகிறேன். பழைய படங்களில் துப்பறிவாளரும் கொள்ளைக்கூட்டத் தலைவரும் போட்டு வருவது இதைத்தான். ரோமத்தை அமுக்கி இறுக்கிய ஃபெல்ட்டில் செய்தாலும், புல், ஓலை மாதிரியான ஸ்ட்ராவில் முடைந்தாலும், துணியில் தைத்தாலும் இந்த வடிவம் இருந்தால் ஃபெடோராதான்.

கடையில் ஃபெடோரா என்று கொடுப்பது சின்ன விளிம்போடு, பின்பக்கம் மேலே மடங்கி இருக்கிறதே?

அது டிரில்பி. குறைந்த விலையில் ஃபெடோரா என்ற பெயரில் வருவதில் பாதிக்கு மேல் இதுதான். ஸ்கேல் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். டிரில்பியின் விளிம்பு 4, 5 செ.மீ.யோடு நின்றுவிடும். ஃபெடோராவுக்கு 6 செ.மீ.யாவது வேண்டும்.

டிரில்பி மட்டமான தொப்பி என்று சொல்ல வரவில்லை. விளிம்பு சின்னது என்பதால் காற்றுக்குக் கொஞ்சம் அடங்கும். ஆனால் மூக்கு நுனி, காது, பிடரி மூன்றும் வெயிலில் கிடக்கும். வெயிலுக்கான அகல விளிம்புத் தொப்பிக்குக் குறைந்தது 7.5 செ.மீ. விளிம்பு வேண்டும் என்கிறது ஆஸ்திரேலியாவின் புற்றுநோய்க் கவுன்சில். அப்படிப் பார்த்தால் சாதாரண ஃபெடோராவே கொஞ்சம் குறைதான். நம் பக்கம் 7.5 செ.மீ. விளிம்போடு பாம்பன் பாலத்தில் நின்றால் காற்று சும்மா விடாது. அதனால் 6 முதல் 6.5 செ.மீ. என்பது நிழலுக்கும் காற்றுக்கும் நடுவில் ஒரு சமரசம். பிடரிக்குச் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக் கொள்ளுங்கள்.

கம்பளி ஃபெல்ட் ஃபெடோரா ஆன்லைனில் நன்றாக இருக்கிறது. முதல் தொப்பியாக அதையே வாங்கட்டுமா?

வேண்டாம்.

காரணம் சொல்கிறேன். கம்பளி ஃபெல்ட் என்பது நெய்த துணி கிடையாது. ஆட்டு ரோமத்தின் மேல் நுண்ணிய செதில்கள் இருக்கும். சூடு, ஈரம், அழுத்தம் மூன்றும் சேரும்போது அந்தச் செதில்கள் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டு இறுகும். அப்படித்தான் ஃபெல்ட் உண்டாகிறது. தொப்பியான பிறகும் அந்தக் குணம் போவதில்லை. வேர்வையில் நனைந்த ஃபெல்ட் தொப்பியை வெயிலில் நிறுத்திய காருக்குள் போட்டுவிட்டுப் போனால் அது மறுபடி இறுகும், அதாவது சுருங்கும். நம் ஊரில் வருஷத்தில் பெரும்பாலான நாள் ஈரமும் சூடும் கூடவே இருக்கின்றன. சித்திரையில் மண்டபம் பஸ் ஸ்டாண்டில் கால் மணி நேரம் ஃபெல்ட்டைப் போட்டுக்கொண்டு நின்று பாருங்கள், மற்றது தானே புரியும்.

இன்னொன்று, விலை குறைந்த ஃபெல்ட்டில் விளிம்பு விறைப்பாக நிற்பதற்குக் கஞ்சி மாதிரி ஏதாவது ஏற்றியிருப்பார்கள். ஒரு மழை போதும், அது இறங்கிவிடும். விளிம்பு இரண்டு பக்கமும் தொங்கிப்போகும். அதைவிட மோசம், ஃபெல்ட் என்று எழுதி விற்கும் பாலியஸ்டர். காற்றும் உள்ளே போகாது, ஆவி காட்டினாலும் வடிவம் பிடிக்காது. ‘100% வுல்’ என்று லேபிளில் இல்லாவிட்டால் பாலியஸ்டர் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

முயல் ரோமம், பீவர் ரோமம் என்று உசத்தியான ஃபெல்ட்டும் உண்டு. இத்தாலியின் அலெஸாந்திரியாவில் 1857-ல் தொடங்கிய போர்சலினோ அந்த வகைக்குப் பேர்போனது. அந்த விலையைப் பார்த்தால் தலை தானாகவே சுற்றும். கொடைக்கானல், ஊட்டி என்று அடிக்கடி போகிறவர்கள் இரண்டாவது தொப்பியாகக் கம்பளி ஃபெல்ட்டைப் பற்றி யோசிக்கலாம்.

அப்படியென்றால் எந்தப் பொருளில் வாங்குவது?

நம் கடற்கரைக்கு ஸ்ட்ரா அல்லது பருத்தித் துணி. இரண்டிலும் நல்லது கெட்டது உண்டு.

பருத்தி ஃபெடோரா துண்டு துண்டாக வெட்டித் தைத்தது. துவைக்கலாம், மடித்துப் பைக்குள் வைக்கலாம், வேர்வையை உறிஞ்சும். வாங்கும்போது விளிம்பை லேசாக வளைத்துக் காதருகே கொண்டுபோய்க் கேளுங்கள். ‘கடக்’ என்று சத்தம் வந்தால் உள்ளே அட்டை வைத்திருக்கிறார்கள். முதல் துவையலில் அட்டை கூழாகி விளிம்பு அலை அலையாகிவிடும். சத்தமே இல்லாமல் வளைந்து, விட்டதும் நிமிர்ந்தால் நல்லது.

ஸ்ட்ரா காற்றோட்டமானது, தலை வேகாது. பார்க்கவும் ஃபெடோரா என்று எடுப்பாகத் தெரியும். ஆனால் ‘ஸ்ட்ரா’ என்ற பெயரில் மூன்று விதம் விற்கிறது: நிஜமான புல் அல்லது ஓலை, முறுக்கிய காகிதம், பிளாஸ்டிக் இழை. 500 ரூபாய்க்குள் உங்கள் கைக்கு வருவது பெரும்பாலும் காகிதம்.

காகிதமா, நிஜமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தொப்பியைக் கவிழ்த்து உள்பக்கம் பாருங்கள். இழையின் நுனி எங்காவது நீட்டிக்கொண்டிருக்கும். விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி அந்த நுனியைத் தேய்த்தால் காகிதம் பஞ்சாக உதிரும், முறுக்கு அவிழ்ந்து தட்டையான பட்டையாகவும் விரியும். நிஜ இழை ஈரத்தில் கொஞ்சம் மெதுவாகும், உதிராது. பிளாஸ்டிக்கில் ஈரமே ஒட்டாது. வழவழப்பாக, ஒரே சீராக, கொஞ்சம் பளபளவென்று இருக்கும். நிறத்திலும் தெரியும். நிஜ இழையில் ஒன்று வெளுப்பாகவும் அடுத்தது மஞ்சளாகவும் கலந்து வரும். மற்ற இரண்டும் அச்சடித்த மாதிரி ஒரே நிறம். கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள், எச்சில் தொட்ட தொப்பியை அடுத்தவர் தலையில் வைக்கப்போகிறார்.

காகிதம் என்று தெரிந்தும் வாங்கலாமா என்றால், வாங்கலாம். மழையில் போடாமல், படகில் ஏறாமல் பார்த்துக்கொண்டால் இரண்டு கோடை தாங்கும். 300 ரூபாய்க்கு அது நியாயம். பிளாஸ்டிக் இழை தண்ணீருக்கு அஞ்சாது, ஆனால் உச்சி வெயிலில் சூடேறி நெற்றியை உறுத்தும்.

‘ஒரிஜினல் பனாமா’ என்று 600 ரூபாய்க்குத் தருகிறார்களே?

கிடையாது. பனாமா தொப்பி பிறந்த ஊர் ஈக்வடார். அங்கே வளரும் டொக்கியா என்ற பனைச் சாயல் செடியின் இழையில் கையால் முடைவது. பனாமா வழியாக வியாபாரம் ஆனதால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 1906-ல் அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் பனாமா கால்வாய் வேலையைப் பார்க்கப் போனபோது அதைப் போட்டு எடுத்த படம் உலகம் சுற்றியது, பெயரும் நிலைத்துவிட்டது. அந்த முடைதலை யுனெஸ்கோ 2012-ல் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. நிஜமானது பல ஆயிரம் ரூபாய். 600 ரூபாய்க்கு வருவது பனாமா மாதிரியில் செய்த காகிதத் தொப்பி. அதற்கு 300-க்கு மேல் கொடுக்காதீர்கள்.

நம் ஊரில்தான் பனை இவ்வளவு நிற்கிறதே. ஓலையிலேயே ஃபெடோரா முடையச் சொல்லக்கூடாதா?

இந்தக் கேள்வியை யாராவது கேட்கமாட்டார்களா என்று இருக்கும் எனக்கு. முடியும், ஆனால் சொல்லிச் செய்ய வேண்டும்.

பெட்டி, கொட்டான் முடைகிறவர்கள் சாயல்குடி, கடலாடிப் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். தொப்பிக்கு முற்றிய ஓலை ஆகாது. விரியாத குருத்தோலை வேண்டும். அதை வெயிலில் வெளுக்க வைத்து, ஈர்க்கை நீக்கி, மெல்லிய பட்டையாகக் கிழிப்பார்கள். பெட்டிக்குக் கிழிக்கும் அகலத்தில் தொப்பி முடைந்தால் தலையில் பெட்டியைக் கவிழ்த்தது போலத்தான் இருக்கும். அரை செ.மீ.க்கும் குறைவான பட்டை என்று முன்பே சொல்லிவிடுங்கள். வேலை கூடும், கூலியும் கூடும். அது சரியான கூலிதான்.

சிக்கல் வருவது உச்சிக் குழியில். ஃபெல்ட்டை ஆவி காட்டிக் கையால் அமுக்கினால் குழி விழும். காய்ந்த பனை ஓலையை அமுக்கினால் மடிப்பில் கீறல் விழும், அப்புறம் அந்த இடத்தில்தான் முதலில் ஒடியும். இதற்கு இரண்டு வழி. கூட்டைத் தட்டையான உச்சியோடு முடையச் சொல்லி, குழியே இல்லாமல் விட்டுவிடலாம். அது ஃபெடோராவின் உறவுக்காரன் என்றுதான் ஆகும், ஃபெடோரா ஆகாது. இல்லாவிட்டால் ஓலையை நீளமான பின்னல் நாடாவாகப் பின்னச் சொல்லி, அந்த நாடாவை உச்சியிலிருந்து சுற்றிச் சுற்றி வைத்துத் தையல் மெஷினில் தைக்க வேண்டும். ஸ்ட்ரா தொப்பிகளில் ஒரு ரகமே இப்படித்தான் தயாராகிறது. நாடா கொஞ்சம் ஈரமாக இருக்கும்போதே தைத்தால் குழியையும் ஒடுக்கையும் தையலிலேயே கொண்டுவந்துவிடலாம். கைவந்த தையல்காரர் ஒருவர் கூட்டுச் சேர வேண்டும்.

மொத்தச் செலவு 500-க்குள் அடங்குமா என்பது முடைகிறவரோடு பேசிக்கொள்ள வேண்டியது. முதல் தொப்பியில் இதைப் பரிசோதிக்காமல், ஒரு கடைத் தொப்பி வாங்கி உங்கள் அளவு உறுதியான பிறகு அதையே மாதிரியாகக் கொடுத்துச் செய்யச் சொல்வது நல்லது.

தலை அளவு எடுப்பது எப்படி?

தையல்காரர் டேப்பை நெற்றியின் நடுவில், புருவத்துக்கு மேல் இரண்டு விரல் தள்ளி வையுங்கள். காதுக்குச் சற்று மேலாகக் கொண்டுபோய், பின்மண்டை மேடாக இருக்கும் இடத்தைச் சுற்றிக் கொண்டுவாருங்கள். டேப்புக்கு அடியில் ஒரு விரல் நுழைகிற அளவுக்குத் தளர்வு வேண்டும். டேப் இல்லையென்றால் சணல் கயிறு வைத்து அளந்து ஸ்கேலில் நீட்டிப் பாருங்கள். ரப்பர் மாதிரி நீளுகிற நூலை எடுக்காதீர்கள். இரண்டு மூன்று தரம் எடுத்தால் ஒரே எண் திரும்ப வரும், அதுதான் உங்கள் அளவு.

சில கடைகளில் அளவு அங்குலக் கணக்கில், சுற்றளவாக இல்லாமல் குறுக்களவாக இருக்கும். 56 செ.மீ. என்றால் 7, 57 என்றால் 7 1/8, 58 என்றால் 7 1/4, 59 என்றால் 7 3/8, 60 என்றால் 7 1/2. ‘ஃப்ரீ சைஸ்’ என்று போட்டிருந்தால் பெரும்பாலும் 57, 58-ஐ நினைத்துச் செய்தது. உங்களுக்கு 60 என்றால் ஃப்ரீ சைஸ் பக்கமே போகாதீர்கள்.

பெண்கள் தலைமுடியை எப்படிக் கட்டிக்கொண்டு தொப்பி போடுவீர்களோ அப்படியே கட்டிக்கொண்டு அளக்க வேண்டும். கொண்டையைப் பிடரிக்குத் தாழ்வாக இறக்கினால் தொப்பி உட்காரும். உச்சிக் கொண்டைக்கு எந்த ஃபெடோராவும் ஒத்துவராது.

இரண்டு அளவுக்கு நடுவில் வருகிறது. பெரியதா, சின்னதா?

பெரியது. பெரியதைச் சின்னதாக்கலாம். உள்ளே நெற்றியைச் சுற்றி ஒரு பட்டை தைத்திருப்பார்கள், அதன் மடிப்புக்குள் செய்தித்தாளை நீளமாக மடித்துச் செருகினால் ஒரு அளவு குறைந்துவிடும். ஃபோம் டேப் ஒட்டினால் இன்னும் நன்றாக நிற்கும். முன்பக்கமும் பின்பக்கமும் மட்டும் செருகுங்கள், காதோரம் செருகினால் தலைவலி வரும். சில ஸ்ட்ரா தொப்பிகளில் பட்டைக்குள்ளேயே இழுத்துக் கட்டும் நாடா இருக்கும். கொஞ்சம் விலை கூடினாலும் அந்த மாதிரிக்கு முதலிடம் கொடுங்கள்.

சின்னதைப் பெரியதாக்குவது சிரமம். பட்டையை நனைத்துச் சரியான அளவுப் பாத்திரத்தின் மேல் கவிழ்த்துக் காயவிட்டால் அரை செ.மீ. கிடைக்கலாம். காகிதத் தொப்பியில் அதுவும் நடக்காது.

காற்றுக்கு என்ன செய்வது? இதற்குப் பதில் தெரிந்தால் மட்டும் வாங்குகிறேன்.

நியாயமான கேள்வி. பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கி.மீ. தாண்டினால் ரயிலையே நிறுத்திவிடுவார்கள். ரயிலுக்கே அந்தக் கதி என்றால் தொப்பி எம்மாத்திரம்.

காற்று தொப்பியைத் தூக்குவது விளிம்புக்கு அடியில் நுழைந்துதான். அதனால் முன் விளிம்பைச் சற்றுக் கீழே இறக்கி விடுங்கள், காற்று மேலாக வழுக்கிப் போகும். போட்டோவுக்கு அழகாக இருக்கிறது என்று தொப்பியைப் பின்னால் சாய்த்து நெற்றியைக் காட்டினால், அடுத்த நொடி அது கடலைப் பார்த்துப் போகும். கூடு உயரமாக இருந்தாலும் காற்றுப் பிடிக்கும். 10, 11 செ.மீ. போதும்.

கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில், வைகாசி தொடங்கி ஆவணி வரை, தனுஷ்கோடிச் சாலையில் அளவான தொப்பிகூட நிற்காது. கயிறு வேண்டும். கயிறு போட்டால் கௌபாய் மாதிரி இருக்கும் என்று கூச்சப்படுகிறவர்கள் உண்டு. தாடைக்குக் கீழே கட்டாமல் வேறு ஒரு வழி இருக்கிறது. மெல்லிய கயிற்றின் ஒரு முனையை ரிப்பனுக்கு அடியில் தொப்பியைச் சுற்றிக் கட்டி, மறுமுனையில் ஒரு வளையம் போட்டுச் சட்டைப் பொத்தானில் மாட்டிவிடுவது. தொப்பி பறந்தாலும் தோளோடு தொங்கும். ஒரு முழத்துக்குக் கொஞ்சம் கூட இருந்தால் போதும், தலையைத் திருப்ப இடம் வேண்டும்.

தாடைக்குக் கட்டுவதென்றால் விளிம்பில் ஓட்டை போடாதீர்கள். ஸ்ட்ராவில் ஓட்டை போட்ட இடத்திலிருந்து இழை பிரிய ஆரம்பிக்கும். உள்பட்டையில் இரண்டு காதுக்கும் நேராகத் துணியில் சின்னக் கண்ணி தைத்து அதில் கட்டுங்கள். கண்ணுக்குத் தெரியாது என்று தங்கூசி என்கிற நைலான் நூலைக் கட்டுகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். வலைக்கு நல்லது, கழுத்துக்கு ஆகாது. காற்று இழுக்கிற இழுப்பில் தாடைக்கடியில் கோடு விழும். சட்டைக்கு வைக்கும் தட்டையான எலாஸ்டிக் அல்லது பருத்திப் பின்னல் கயிறு வாங்குங்கள், 20, 30 ரூபாயில் முடிந்துவிடும்.

பைக்கில் போட்டுக்கொண்டு போகலாமா?

பைக்கில் ஹெல்மெட்தான். ஹெல்மெட்டுக்கு அடியில் ஃபெடோரா நுழையாது, கயிற்றில் முதுகில் தொங்கவிட்டால் ஓட்டும்போது கழுத்தை இறுக்கும். முன்னால் மாட்டும் பையில் குழி மேலே பார்க்க வையுங்கள், மேலே வேறு எதையும் வைக்காதீர்கள்.

500 ரூபாயை எப்படிப் பிரிப்பது?

தொப்பிக்கு 350 வரை. மீதியில் கயிறு, ஃபோம் டேப், உள்ளே வைக்கத் துணி. முழுக் காசையும் தொப்பியில் போட்டுவிட்டு அளவு சேராமல் வீட்டில் ஆணியில் தொங்கவிடுகிறவர்கள்தான் அதிகம். நூறு ரூபாய் குறைவான தொப்பி, தலையில் சரியாக உட்கார்ந்தால், அதைவிட உசத்தியாகத் தெரியும்.

எங்கே வாங்கலாம்?

ராமேஸ்வரம் அக்னி தீர்த்தக் கரையிலும் தனுஷ்கோடிப் பக்கமும் சங்கு, சிப்பியோடு தொப்பியும் விற்கும். அங்கே போட்டுப் பார்த்து வாங்கலாம் என்பதுதான் பெரிய லாபம். விலை யாத்ரீகர்களுக்குச் சொல்கிற விலை. நம் பேச்சைக் கேட்டதும் கொஞ்சம் இறங்கும், பேரம் பேசினால் இன்னும் இறங்கும். டிரில்பிதான் அதிகம் கிடைக்கும், ஸ்கேலை மறக்காதீர்கள். நாள்முழுக்க வெயிலில் தொங்கியது என்றால் ஸ்ட்ரா உலர்ந்து நொறுங்கும் பதத்தில் இருக்கும். விளிம்பை மெல்ல வளைத்துப் பாருங்கள், கீச்சென்று சத்தம் வந்தால் அதை விட்டுவிட்டு உள்ளே நிழலில் வைத்திருப்பதைக் கேளுங்கள்.

ஆன்லைனில் நிறமும் அளவும் நிறைய. திருப்பி அனுப்ப வழி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். படத்தை நம்பாமல் விளிம்பு எத்தனை செ.மீ. என்று எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள். எழுதாவிட்டால் அது டிரில்பி. மதுரைக்கு வேறு வேலையாகப் போனால் கடைகளில் ஒரு எட்டுப் பார்க்கலாம். தொப்பிக்காக மட்டும் பஸ் ஏறினால் டிக்கெட்டே பட்ஜெட்டைத் தின்றுவிடும்.

பார்சலில் நசுங்கி வந்திருக்கிறது. திருப்பி அனுப்பவா?

அவசரப்படாதீர்கள். இட்லிப் பானையில் தண்ணீர் கொதிக்க வைத்து, மூடியைத் திறந்து, ஒரு சாண் உயரத்தில் நசுங்கிய இடத்தை மட்டும் அரை நிமிஷம் காட்டுங்கள். கை சுடாமல் விளிம்பின் ஓரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்புறம் உள்ளிருந்து கரண்டியின் முதுகால் மெல்லத் தள்ளி, ஆறும்வரை விரலால் தாங்கிப் பிடியுங்கள். ஆறுவதற்குள் விட்டால் பழையபடி போய்விடும். ஸ்ட்ராவுக்கு முதலில் லேசாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டால் இழை ஒடியாது. காகிதத்துக்குத் தண்ணீர் வேண்டாம், ஆவி மட்டும், அதுவும் கொஞ்சமாக. பிளாஸ்டிக் இழையை ஆவிக்கு மிக அருகில் கொண்டுபோகாதீர்கள், கோணிக்கொள்ளும்.

இழை ஒடிந்தே போயிருந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள். அதற்கு வைத்தியம் இல்லை.

என்ன நிறம்?

வெளுப்பான மணல் நிறம், அல்லது வெளிர் பழுப்பு. கறுப்பு வேர்வையில் உப்புப் பூக்கும், ஒரே நாளில் வெள்ளைக் கோடு தெரியும். தூய வெள்ளை தலை எண்ணெயில் மஞ்சளாகிவிடும்.

தலைக்கு எண்ணெய் வைப்பவர்கள் தொப்பி போடலாமா?

போடலாம், உள்பட்டையைக் காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான். பழைய வேட்டித் துணியை இரண்டு விரல் அகலத்தில் மடித்து உள்பட்டைக்கு மேல் ஓட்டுத் தையல் போட்டுவிடுங்கள். வாரம் ஒருமுறை பிரித்துத் துவைத்து மறுபடி தைக்கலாம். இதைச் செய்யாவிட்டால் தேங்காய் எண்ணெய் பட்டையைத் தாண்டி ரிப்பனில் கறையாக வரும். வந்துவிட்டால் கறை மேல் முகப்பவுடரைத் தடிப்பாகத் தூவி ராத்திரி முழுக்க வைத்து, காலையில் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தட்டுங்கள். பாதியாவது போகும்.

வீட்டில் எப்படி வைப்பது?

உச்சி கீழே, விளிம்பு மேலே. விளிம்பு கீழே படும்படி வைத்தால் கொஞ்ச நாளில் தட்டையாகிவிடும். ஆணியில் மாட்டினால் ஆணி படுகிற இடத்தில் முட்டும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் அலமாரிக்குள் அடைத்து வைத்தால் பூஞ்சை வரும். வெளியே காற்றாட வையுங்கள். எடுக்கும்போது முன்பக்க ஒடுக்கைப் பிடித்துத் தூக்குகிற பழக்கம் எல்லோருக்கும் வரும். ஸ்ட்ரா முதலில் கிழிவது அந்த இடத்தில்தான். விளிம்பின் முன்னும் பின்னும் பிடித்துத் தூக்குங்கள்.

பெண்கள் ஃபெடோரா போட்டால் வித்தியாசமாகத் தெரியாதா?

இந்தத் தொப்பிக்குப் பெயர் வந்ததே ஒரு பெண் பாத்திரத்தால். 1882-ல் பாரிஸில் அரங்கேறிய நாடகத்தில் சாரா பெர்ன்ஹார்ட் இளவரசி ஃபெடோராவாக நடித்தார், அதன் பிறகு பெண்கள்தான் இதை விரும்பிப் போட்டார்கள். ஆண்களிடம் பரவலானது 1920-களில். ஆக, நாம்தான் பின்னால் வந்தவர்கள்.

ஊரில் சிரிப்பார்களே?

ஒரு வாரம் சிரிப்பார்கள். ‘என்ன எம்.ஜி.ஆரே’ என்று டீக்கடையில் கூப்பிடுவார்கள். அவர் தொப்பி வேறு ரகம் என்று விளக்கம் சொல்ல உட்காராதீர்கள். கூச்சமாக இருந்தால் முதல் சில நாள் வீட்டுத் திண்ணையிலும் காலை நடையிலும் போட்டுப் பழகுங்கள். தொப்பியை அடிக்கடி தொட்டுச் சரிசெய்துகொண்டே இருந்தால்தான் பார்க்கிறவர் கண் அங்கே போகும்.

எங்கே கழற்றுவது என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும். கோயிலுக்குள், சர்ச்சுக்குள், துக்க வீட்டில் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தொழுகைக்கு விளிம்புள்ள தொப்பி சரிவராது, சஜ்தாவில் நெற்றி தரையில் படாமல் விளிம்பு தடுக்கும். பையில் சாதாரணத் தொப்பி ஒன்று வைத்துக்கொள்வது கீழக்கரை, பெரியபட்டினம் நண்பர்களின் வழக்கம். பெரியவர்கள் எதிரே வந்து நின்று பேசினால் கழற்றிவிட்டுப் பேசுவது நம் பக்கம் எடுபடும்.

படகில் தொழிலுக்குப் போகும்போது போடலாமா?

வேண்டாம். வலை இழுக்கும்போது விளிம்பு கண்ணை மறைக்கும், கயிறு எதிலாவது மாட்டும். தலையில் கட்டுகிற துண்டை மிஞ்ச அங்கே எதுவும் இல்லை. கரையில் மீன் ஏலத்துக்கு நிற்கும்போது போடுங்கள்.

பழைய தொப்பி, யாரோ கொடுத்தது. போடலாமா?

உள்பட்டையைப் பாருங்கள். பட்டை விறைத்து வெடித்திருந்தால் மாற்ற வேண்டும், தையல்காரர் செய்வார். ஃபெல்ட் என்றால் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஊசி ஓட்டை மாதிரி பூச்சி அரித்த இடம் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டிலிருந்து திரும்பியவர்கள் வீட்டுப் பரணில் நல்ல தொப்பிகள் கிடப்பதுண்டு, வெட்கப்படாமல் கேளுங்கள்.

தொப்பி கடலில் விழுந்துவிட்டால்?

தனுஷ்கோடிக்கு அப்பால் உள்ள அரிச்சல்முனை என்றால் விட்டுவிடுங்கள். பெண் கடல் என்று நம் ஆட்கள் சொல்லும் பாக் விரிகுடாப் பக்கம் சாதுவாகத் தெரிந்தாலும் இரண்டு கடலும் சேருகிற இடத்தில் நீரோட்டம் பொல்லாதது. 300 ரூபாய்த் தொப்பிக்காக யாரும் இறங்க வேண்டாம்.

அலையே கரைக்குக் கொண்டுவந்து போட்டால் உடனே நல்ல தண்ணீரில் முக்கி எடுங்கள். உப்பு காய்ந்துவிட்டால் இழையை அரிக்கும், பட்டையும் விறைக்கும். காகிதம் என்றால் அப்போதே கதை முடிந்தது. மற்றவற்றை உள்ளே துண்டைச் சுருட்டி அடைத்து, குழியையும் ஒடுக்கையும் கையால் சரிசெய்து, நிழலில் காயப் போடுங்கள். வெயிலும் வேண்டாம், ஹேர் டிரையரும் வேண்டாம். ரிப்பன் சாயம் இறங்கியிருக்கும். ஃபேன்சி ஸ்டோரில் ஒரு மீட்டர் ரிப்பன் வாங்கினால் சுற்றிக் கட்டி முடிச்சுப் போடவும் மிச்சம் இருக்கும்.